தூத்துக்குடி, மே 22, 2018: சுடுவதற்கு முன்னும் சுட்ட பின்னும்

ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது போலீஸ் நடத்திய தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் அது ஒரு கேள்வியில் போய் நின்றுவிடுகிறது: சுடச் சொன்னது யார்? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால், அதற்கு முந்தைய நாட்களில் எடுத்த முடிவுகளும், எடுக்காமல் விட்ட முடிவுகளும் கண்ணில் படாமல் போகும். 13 உயிர்களைக் காப்பாற்ற அதிகாரிகளுக்குப் பல வாய்ப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தவறிப்போனது என்று நடைமுறை அளவில் பார்ப்பதே இந்த ஆய்வு.

பின்னணி

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை 1990களின் நடுவிலிருந்து தூத்துக்குடி சிப்காட் பகுதியில் இயங்கியது. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் எதிர்ப்பு கிளம்பியதால் இங்கே வந்த ஆலை அது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2013 மார்ச் 23 அதிகாலையில் நகரத்து மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக வெளியே ஓடிவந்தார்கள். சில நாட்களில், ஏப்ரல் 2 அன்று, உச்ச நீதிமன்றம் ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்துத் தொடர்ந்து இயங்க அனுமதித்தது. மனு கொடுத்தாலும் வழக்கு போட்டாலும் ஆலை ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்ற எண்ணம் அந்த மக்களிடம் வேரூன்றியது இப்படித்தான்.

ஆலையின் உற்பத்தித் திறனை ஆண்டுக்கு 4 லட்சம் டன்னிலிருந்து 8 லட்சமாக்கும் வேலை தொடங்கியபோது, ஆலையை ஒட்டிய அ.குமரெட்டியாபுரம் மக்கள் 2018 பிப்ரவரி 12 அன்று மரத்தடியில் உட்கார்ந்தார்கள். போராட்டம் மடத்தூர் உள்ளிட்ட மற்ற ஊர்களுக்கும் பரவியது. மீனவர்கள், வணிகர்கள், மாணவர்கள் சேர்ந்தார்கள். மார்ச் 24 அன்று நகரில் கடைகள் அடைக்கப்பட்டு, பல்லாயிரம் பேர் திரண்ட பொதுக்கூட்டம் நடந்தது.

அந்த மார்ச் 24ஐ அழுத்திச் சொல்ல வேண்டும். நகரமும் மக்களும் கோரிக்கையும் மே மாதம் இருந்தவையேதான். கூட்டமும் சிறியதல்ல. கூடுவதற்கு இடம் இருந்தது, மேடை இருந்தது, முடியும் நேரம் தெரிந்திருந்தது. வந்தவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். தூத்துக்குடிக் கூட்டம் கட்டுக்கடங்காது என்று பின்னாளில் சொன்னவர்களுக்கு அந்த நாளே போதுமான பதில்.

பேச்சுவார்த்தையில் யார் இருந்தார்கள்?

100ஆவது நாளான மே 22 அன்று ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிடப் போவதாகப் போராட்டக் குழுவினர் பல நாட்களுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். மே 20 அன்று அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. அதில் ஒரு தரப்பு, முற்றுகையைக் கைவிட்டு எஸ்.ஏ.வி. பள்ளி மைதானத்தில் கூடுவதாக ஒப்புக்கொண்டது. கிராம மக்களும் மற்ற குழுக்களும் அதை ஏற்கவில்லை. ஒத்துக்கொண்டவர்களின் சம்மதத்தையே ஊரின் சம்மதமாக நிர்வாகம் எடுத்துக்கொண்டது.

அமைதிக் கூட்டங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது. தாலுகா அலுவலகத்துக்குக் கூப்பிட்டவுடன் வருபவர்கள் பெரும்பாலும் சங்கத் தலைவர்கள், கட்சிக்காரர்கள், அதிகாரிகளுக்கு ஏற்கெனவே முகம் தெரிந்தவர்கள். மரத்தடியில் 99 நாள் உட்கார்ந்திருந்த பெண்களை அப்படி அழைத்து வர முடியாது. அவர்களிடம் அதிகாரிதான் போக வேண்டும். தலைமை இல்லாத போராட்டத்தில் ஒரே கூட்டம் போட்டு ஒரே கையெழுத்து வாங்க முடியாது. ஊர் ஊராக, குழு குழுவாகப் பேசி, யார் எந்த வழியில் எத்தனை பேரோடு வருகிறார்கள், அவர்களோடு யார் தொலைபேசியில் இருப்பார், மனுவை வாங்க எந்த அதிகாரி எந்த இடத்தில் நிற்பார் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முற்றுகை என்ற சொல் கேட்க மிரட்டலாக இருக்கும். தமிழ்நாட்டில் முற்றுகைப் போராட்டம் என்றால், பெரும்பாலும் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் பேரிகேட் வைத்து நிறுத்துவார்கள், கோஷம் எழும், அதிகாரி வெளியே வந்து மனு வாங்குவார், இல்லையென்றால் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவிப்பார்கள். இரு தரப்புக்கும் பழகிய வழக்கம் அது. அது நடக்க வேண்டுமானால் மனு வாங்க ஆட்சியர் இருக்க வேண்டும். அன்று ஆட்சியர் இருந்தது சுமார் 60 கி.மீ. தொலைவில், கோவில்பட்டியில். மே 20 பேச்சுவார்த்தைக்கும் அவர் வரவில்லை. சார் ஆட்சியரிடமும் எஸ்.பி.யிடமும் விட்டுவிட்டார். துப்பாக்கிச் சூட்டை விசாரிக்க அரசு அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இந்த இரண்டையும் கடுமையாகக் குறை கூறியது. பெரிய கூட்டம் திரளப் போகிறது என்று உளவுப் பிரிவு முன்கூட்டியே எச்சரித்தும் அதற்கேற்ற ஏற்பாடு இல்லை என்பதையும் ஆணையம் பதிவு செய்தது.

இரவு 10 மணிக்கு வந்த தடை

மே 21 இரவு 10 மணி முதல் மே 23 காலை 8 மணி வரை, சிப்காட், தென்பாகம் ஆகிய இரண்டு காவல் நிலைய எல்லைகளுக்கு மட்டும் 144 தடை உத்தரவு போடப்பட்டது. பிரிவு 144 (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 163) எதிர்பாராத அவசரத்துக்கானது. இங்கே 100ஆவது நாள் எந்தத் தேதியில் வரும் என்பது ஊருக்கே தெரியும். முந்தைய இரவு போட்ட உத்தரவு விடிவதற்குள் எத்தனை கிராமங்களுக்குப் போய்ச் சேரும்? தெரு முனையில் நிற்கும் ஒருவர் தான் எந்தக் காவல் நிலைய எல்லையில் நிற்கிறார் என்று எப்படி அறிவார்? தடை போட்டால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகச் சொல்ல வேண்டும், எல்லையில் பலகை வைக்க வேண்டும், அந்த எல்லைக்கு வெளியே கூடிக்கொள்ள ஓர் இடமும் காட்ட வேண்டும். இதில் எதையும் சரியாகச் செய்யாத தடை கூட்டத்தைத் தடுக்காது. வந்தவர்கள் எல்லோரையும் சட்டத்தை மீறியவர்கள் ஆக்குவது மட்டும்தான் அது செய்யும் வேலை.

மே 22 காலை பனிமய மாதா பேராலயப் பக்கமிருந்து ஒரு திரளும், மடத்தூர்ப் பக்கமிருந்து இன்னொரு திரளும் கோரம்பள்ளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நகர்ந்தன. பெண்கள் முன்னால் வந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். வழியில் பல இடங்களில் போலீஸ் தடுப்புகள் உடைந்தன, கல்வீச்சு நடந்தது, காவலர்கள் காயமடைந்தார்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன. ஆலை ஊழியர் குடியிருப்பிலும் தீவைப்பு நடந்தது. இவை குற்றங்கள். இவற்றைச் சொல்லாமல் அன்றைய நாளைச் சொல்ல முடியாது. சுட்டவர்களைப் பற்றிய கேள்விகளை இவை எதுவும் இல்லாமலாக்கிவிடவும் இல்லை.

ஆணையும் எச்சரிக்கையும்

சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் முறை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129 முதல் 132 வரையான பிரிவுகளில் இருந்தது. நிர்வாக நடுவரோ (மாஜிஸ்திரேட் அதிகாரம் கொண்ட வருவாய்த் துறை அதிகாரி), காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ கலையச் சொல்லி ஆணையிட வேண்டும். கலையாவிட்டால்தான் பலப்பிரயோகம். காவல் நிலையாணைகள் இதை மேலும் விரித்துச் சொல்கின்றன: போதுமான எச்சரிக்கை, தேவைக்கு மிஞ்சாத பலம், துப்பாக்கி கடைசி வழி, குறி தாழ்வாக, கூட்டம் பின்வாங்கிய நொடியில் நிறுத்தம், காயம்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சை.

ஆயுதப்படைக் கவாத்தில் இதற்கென்றே ஒத்திகை உண்டு. முன்னால் எச்சரிக்கை பேனர், பக்கத்தில் ஒலிபெருக்கி. அடுத்தடுத்து கண்ணீர்ப்புகை அணி, லத்தி அணி, துப்பாக்கி அணி, முதலுதவி அணி. எல்லாவற்றையும் படம் பிடிக்க ஒரு கேமராக்காரர். துப்பாக்கி அணிக்குப் பொதுவாகச் ‘சுடு’ என்று ஆணை கிடையாது. எந்தக் காவலர், எத்தனை ரவுண்டு, எந்தத் திசை என்று அணித்தலைவர் பெயர் சொல்லி ஆணையிடுவார். ஒரு ரவுண்டு முடிந்ததும் துப்பாக்கியை இறக்கி, கூட்டம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். எச்சரிக்கையும் கூட்டத்துக்குப் புரியும் தமிழில், பின்வரிசை வரை கேட்கும்படி இருக்க வேண்டும்: “இந்தக் கூட்டம் சட்டவிரோதமானது என்று அறிவிக்கப்படுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் கலைந்து போங்கள். போகிறவர்களுக்கு மேற்குப் பக்கச் சாலை திறந்திருக்கிறது. யாரும் தடுக்க மாட்டார்கள்.” மூன்றாவது வாக்கியம்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர்களைக் கலையச் சொன்னால் முண்டியடிப்பார்கள், முண்டியடிப்பது முன்வரிசைக் காவலருக்குத் தாக்க வருவதுபோலத் தெரியும்.

தூத்துக்குடியில் இந்த வரிசை கடைப்பிடிக்கப்படவில்லை என்பதே ஆணையத்தின் முடிவு. எச்சரிக்கை இல்லை, படிப்படியான நடவடிக்கை இல்லை, தப்பி ஓடியவர்கள் மீதே குண்டு பாய்ந்தது, தற்காப்புக்காகச் சுட்டதாகக் காட்ட ஆதாரம் இல்லை என்றது அறிக்கை. உடற்கூறாய்வு அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் 2018 டிசம்பரில் வெளியிட்ட செய்தியும் அதையே சொன்னது: 12 பேர் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்து இறந்தார்கள், அவர்களில் பாதிப் பேருக்குக் குண்டு பின்புறமிருந்து பாய்ந்தது. பதின்ம வயது மாணவி ஒருத்தியின் பின்னந்தலையில் நுழைந்த குண்டு வாய் வழியே வெளியேறியது. ‘குறி தாழ்வாக’ என்ற விதியையும் இந்தக் காயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், அன்று விதி எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஆணை கொடுத்தது யார் என்ற கேள்விக்கு முதல் தகவல் அறிக்கைகள் சொன்ன பதில் ஊரையே திகைக்க வைத்தது. துணை வட்டாட்சியர் நிலையிலான மூன்று வருவாய் அலுவலர்கள் என்றன அவை. ஐ.ஜி., டி.ஐ.ஜி., எஸ்.பி. என்று காவல் துறையின் உயர் அதிகாரிகள் களத்தில் இருந்த நாளில், வேறு பிரிவு வேலையிலிருந்து அன்றைய பணிக்கு அனுப்பப்பட்ட அலுவலர்கள் உயிரைப் பறிக்கும் ஆணையைப் பிறப்பித்தார்கள் என்றால், சட்டம் நடுவருக்குக் கொடுத்த பாதுகாப்புப் பொறுப்பு வெறும் கையெழுத்தாகச் சுருங்கிவிட்டது என்று பொருள். நடுவர் எதற்காக அங்கே நிற்கிறார்? சுட நினைக்கும் காவல் அதிகாரியிடம் “இன்னும் தேவையில்லை” என்று சொல்லக்கூடிய வெளியாள் அவர் ஒருவர்தான். பதவியில் பல படி கீழே இருப்பவரால் ஐ.ஜி.யிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே பெரிய போராட்டங்களுக்குச் சார் ஆட்சியருக்குக் குறையாத ஒருவரையே நடுவராக நிறுத்த வேண்டும். ஆணை எழுத்தில், நேரத்தோடு, சுடுவதற்கு முன்பே இருக்க வேண்டும். அந்த நொடியில் எழுத முடியாது என்பார்கள். அதற்கு வழி இருக்கிறது: மைக்கில் சொல்லிக் கட்டுப்பாட்டு அறையில் ஒலிப்பதிவு ஆனால் போதும்.

தோட்டாக் கணக்கு

ஒரே காவலர் நான்கு இடங்களில் 17 ரவுண்டு சுட்டதாக ஆணையம் கண்டறிந்தது. பலர் அந்தத் தகவலை அந்தக் காவலரின் கொடூரம் என்று மட்டும் படித்தார்கள். நடைமுறை தெரிந்தவர்களுக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. ஆயுதக் கிடங்கிலிருந்து துப்பாக்கி வெளியே போகும்போது துப்பாக்கி எண், வாங்குபவரின் எண், தோட்டா எண்ணிக்கை எல்லாம் பதிவேட்டில் ஏறும். திரும்பும்போது மீதித் தோட்டாவும் வெற்றுக் குப்பியும் சேர்ந்து அந்த எண்ணிக்கைக்குச் சரியாக வர வேண்டும். அணித்தலைவர் ரவுண்டு ரவுண்டாக ஆணையிட்டிருந்தால், முதல் இடத்திலேயே அந்தக் காவலர் எத்தனை சுட்டார் என்பது தெரிந்திருக்கும், இரண்டாவது இடத்துக்கு அவர் துப்பாக்கியோடு போயிருக்க மாட்டார். நான்கு இடங்களுக்கு அவர் போக முடிந்தது என்றால், அன்று அவருக்கு மேல் இருந்த யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஆயுதத்தின் தன்மையும் முக்கியம். அன்று எடுத்துப் போன எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைபிள்) 7.62 மி.மீ. தோட்டாவைச் சுடும் போர்க்களத் துப்பாக்கி. சில நூறு மீட்டருக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கும், ஒருவரைத் துளைத்துப் பின்னால் இருப்பவரையும் காயப்படுத்தும். பத்து முப்பது மீட்டரில் கல்லெறியும் கூட்டத்துக்கு எதிராக அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகும்போதே, ‘குறைந்தபட்ச பலம்’ என்பது பாதி கைவிட்டுப் போய்விட்டது. மஞ்சள் டி-ஷர்ட் அணிந்த ஒருவர் போலீஸ் வேன்மீது ஏறிக் குறிபார்க்கும் காட்சியை நாடே பார்த்தது. சீருடை இல்லை, பெயர்ப் பலகை இல்லை. காக்கி உடுத்தியவர் சுட்டால் ‘போலீஸ் சுட்டது’ என்று சொல்லலாம், விசாரிக்கலாம். சாதாரண உடையில் ஒருவர் ரைபிளோடு கூட்டத்தைக் குறிபார்த்தால், பார்க்கிறவர்களுக்கு அது வேட்டை என்றே தோன்றும். கூட்டப் பணியில் ஆயுதம் தாங்குபவர் சீருடையில், தெரியும்படி எண்ணோடு இருப்பது கட்டாயமாக வேண்டும்.

ஆட்சியர் அலுவலகத்தோடு துப்பாக்கிச் சூடு நிற்கவில்லை. மூன்றாவது மைல், எஃப்.சி.ஐ. கிடங்கு ரவுண்டானா, பிறகு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மீனவர் பகுதியான திரேஸ்புரம் என்று நீண்டது. திரேஸ்புரத்தில் தன் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததாகக் குடும்பத்தார் சொன்ன ஒரு பெண் இறந்தார். மறுநாள் அண்ணா நகரில் ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்சியர் அலுவலகச் சூட்டுக்கு அவசரம் என்று காரணம் சொல்ல முயலலாம். மணிக்கணக்கு கழித்து வேறு தெருவில், மறுநாள் வேறு நகர்ப் பகுதியில் நடந்ததற்கு அந்தக் காரணம் ஒட்டாது.

சுட்ட பிறகு

ஊருக்கும் காவல் துறைக்கும் இருந்த உறவு அடுத்த சில நாட்களில்தான் முற்றிலும் அறுந்தது. வல்லநாடு துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து வைத்திருப்பதாக வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். மாஜிஸ்திரேட் நேரில் போனார். பிடிபட்டவர்கள் நீதித்துறையின் கண்ணுக்கு வந்தார்கள். அந்த இருண்ட நாட்களில் சட்டம் சரியாக வேலை செய்த சில இடங்களில் அதுவும் ஒன்று. நீதித்துறை நடுவர் ஒருவர் கிளம்பி நேரில் வந்தால், எண்ணிக்கையை மாற்ற முடியாது, காயத்தை மறைக்க முடியாது.

மே 23 முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. மகன் வீடு திரும்பவில்லை என்று தேடிய பெற்றோருக்கு வாட்ஸ்அப் இல்லாமல் போனது. வதந்தியைத் தடுக்கத்தான் என்றார்கள். இறந்தவர்கள் யார், காயம்பட்டவர்கள் எந்த மருத்துவமனையில், பிடிபட்டவர்கள் எந்த நிலையத்தில் என்ற மூன்று பட்டியலை அரசு மருத்துவமனை வாசலில் ஒட்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருந்தால், வதந்திக்கு இருந்த வேலை பாதியாகக் குறைந்திருக்கும். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் துப்பாக்கிச் சூட்டைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். தலைமைச் செயலாளரும் டி.ஜி.பி.யும் உளவுப் பிரிவுத் தலைவரும் அவருக்கு உடனுக்குடன் தகவல் சொன்னார்கள் என்று ஆணையம் பதிவு செய்தது. ஊராரின் நம்பிக்கையை இழந்தது காவல் துறை மட்டும் அல்ல, அரசும்தான்.

ஆட்சியரும் எஸ்.பி.யும் மாற்றப்பட்டார்கள். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் மூடலை உறுதி செய்தன. இது மக்களுக்கு ஆறுதல்தான். ஆனால் கொலைக்கான பொறுப்பு இதில் தீராது.

ஆணையம் என்ன செய்ய முடியும்?

ஆணையத்தின் முழு அறிக்கை 2022 மே 18 அன்று அரசிடம் கொடுக்கப்பட்டது, அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஐ.ஜி.யிலிருந்து காவலர் வரை 17 பேர் மீதும், அப்போதைய ஆட்சியர் மீதும், வருவாய் அலுவலர்கள் மூவர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அதுவரை கிடைத்தது 20 லட்சம். அந்த அக்டோபரில் நான்கு காவல் துறையினர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு 2018 ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. கைக்குப் போயிருந்தது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் காவல் துறைத் தரப்பில் ஓர் ஆய்வாளரின் பெயர் மட்டுமே இருந்தது.

17 பேர் என்று ஒரு ஆவணமும் ஒருவர் என்று இன்னொரு ஆவணமும் சொல்லும் இந்த இடைவெளி எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்படி ஆணைய அறிக்கை பரிந்துரை மட்டுமே. அரசு ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். பிரிவு 6இன்படி ஆணையத்தின் முன் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராகக் குற்றவியல் வழக்கில் பயன்படுத்த முடியாது. அதாவது நான்கு ஆண்டு சேர்ந்த வாக்குமூலங்களை அப்படியே தூக்கிக்கொண்டு போய் நீதிமன்றத்தில் வைக்க வழியில்லை; விசாரணை அமைப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே திரட்ட வேண்டும். அதன் பிறகும் அரசு ஊழியர்மீது வழக்கு நடத்த முன் அனுமதி என்ற பூட்டு இருக்கிறது. துப்பாக்கிச் சூடு நடந்தால் ஆணையம் அமைப்பது நம் அரசுகளின் வழக்கம். ஆனால் சான்று கெடுவது முதல் 72 மணி நேரத்தில்: குண்டு, குப்பி, துப்பாக்கி, சீருடை, ஒலிப்பதிவு, கேமரா. அவற்றைச் சுட்டவர்களின் துறையே சேகரித்து வைத்திருக்கும்வரை, பின்னால் வரும் எந்த ஆணையமும் பாதி இருட்டில்தான் வேலை செய்யும்.

இதே மாவட்டத்தில் இரண்டு ஆண்டு கழித்து, 2020 ஜூனில், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்குள்ளாகி இறந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் நிலையத்துக்கே போனார். கேமராப் பதிவு அன்றன்று தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அங்கே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். நிலையத்தையே வருவாய்த் துறை தன் கட்டுப்பாட்டில் எடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கு நகர்ந்ததற்குக் காரணம் அந்த வேகம்தான். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டாவது, வைத்திருக்க வேண்டும் என்றது. வஜ்ரா (கலவரத் தடுப்பு) வாகனக் கேமராவுக்கும், கட்டுப்பாட்டு அறை ஒலிப்பதிவுக்கும், பந்தோபஸ்து வீடியோவுக்கும் அதே விதி வேண்டும். துப்பாக்கிச் சூடு நடந்த அன்றே அவற்றின் நகலை மாவட்ட நீதிபதியிடம் முத்திரையிட்டு ஒப்படைக்க வேண்டும்.

இன்னொரு குறை தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் காவல் புகார் ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் மாவட்டப் புகார் ஆணையத்தின் தலைமையை ஆட்சியருக்குக் கொடுத்து, எஸ்.பி.யை உறுப்பினர் ஆக்கியது. அந்தச் சட்டப்படி, 2018 மே மாதம் தூத்துக்குடியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் மாவட்ட அளவில் புகார் கொடுக்கப் போக வேண்டிய இடம், அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்த அதே இரண்டு பதவிகளின் மேசை. அந்த அமைப்பை மாற்றுவதற்குப் புதிய கட்டடமோ பெரிய செலவோ தேவையில்லை. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர், காவல் துறைக்கு வெளியிலிருந்து ஒரு விசாரணை அலுவலர், புகாரை வாங்கி எண்ணிட்டு ரசீது தர ஓர் எழுத்தர்: மாவட்டத்துக்கு மூன்று பேர் போதும்.